‘உணரும் வெப்பநிலை’: வானிலை செயலியின் அந்தச் சின்ன எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வானிலை செயலியைத் திறந்தால் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதற்குக் கீழேயே சின்னதாக இன்னொரு எண் இருக்கும். பெரியது காற்றின் வெப்பநிலை. சின்னதுதான் ‘உணரும் வெப்பநிலை’. ‘32°, உணர்வது 40°’ என்று போட்டிருக்குமே, அதேதான். நான் இங்கே மதிப்புரை எழுதுவது குறிப்பிட்ட ஒரு செயலிக்கு இல்லை, ஏறக்குறைய எல்லாச் செயலிகளும் தருகிற அந்தச் சின்ன எண் என்கிற சேவைக்கு. மதிப்பெண்ணை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. பெரிய எண்ணைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் இது என்ன கணக்கு, யாருக்கான கணக்கு என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

இதற்கெல்லாம் ஒரு மதிப்புரையா என்று தோன்றலாம். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பலாமா, வயதானவரை வெளியே கூட்டிக்கொண்டு போகலாமா, கூரைமேல் இருக்கிற வேலையை இன்றைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று பலரும் இந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அப்படி இருக்கும்போது அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும் இல்லையா.

முதலில் அதன் பலம். காற்றின் வெப்பநிலை என்ன என்பது உடம்புக்கு நேரடியாகத் தெரியாது. உள்ளே உண்டாகிற சூடு ஒழுங்காக வெளியே போகிறதா, தேங்குகிறதா என்பதுதான் அதன் கவலை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளே சுமார் 100 வாட் சூட்டை இடைவிடாமல் வெளியே தள்ளியாக வேண்டும், வேகமாக நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகிவிடும். தோலின் வெப்பநிலை பொதுவாக 33 முதல் 35 டிகிரி வரை இருக்கும். காற்று அதைவிட நன்றாகக் குளிர்ந்திருந்தால் சூடு தானாகவே போய்விடும். காற்று 35-ஐ நெருங்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும், மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது கிட்டத்தட்ட 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த 100 வாட்டைப் போக்க மணிக்கு 150 மில்லி லிட்டர் ஆவியானாலே போதும் என்று கணக்குப் போட்டால் தெரியும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை, தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

ஈரப்பதம் விளையாடுவது இங்கேதான். 35 டிகிரியில் இருக்கும் ஈரமான தோலில் நீராவியின் அழுத்தம் சுமார் 56 மில்லிபார். சுற்றியிருக்கும் காற்றில் அது 12 மில்லிபார்தான் என்றால் இடையில் 44 மில்லிபார் சரிவு, வியர்வை விறுவிறுவென்று உலரும். காற்றில் ஏற்கெனவே 32 இருந்தால் சரிவு 24 ஆகக் குறைந்துவிடுகிறது, அதாவது ஏறக்குறைய பாதி வேகம். இரண்டு நாளிலும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் முதல் நாளில் சமாளித்த வேலையை இரண்டாம் நாளில் உடம்பு சமாளிக்காது. பெரிய எண் மறைக்கிற இந்த வித்தியாசத்தைச் சின்ன எண் வெளியே கொண்டுவருகிறது. 32 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உணர்வதும் 32, 33-தான், அதே 32-ல் ஈரப்பதம் 70 சதவீதம் ஆனால் 40-ஐத் தொட்டுவிடும்.

நம்ப முடியவில்லை என்றால் நீங்களே பார்க்கலாம். ஒரு வெப்பமானியின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி விசிறிக் காற்றில் வையுங்கள். காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று இருக்கிற நாளில் அந்த ஈரக்குமிழ் 22 டிகிரி வரைக்கும் இறங்கும். கண்ணெதிரே பாதரசமோ சாராயமோ சரசரவென்று இறங்குவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 32-க்குக் கீழே வரவே வராது, விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் சரி. வியர்வையில் நனைந்த உடம்புக்கும் இதே கதிதான். இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35-ஐத் தாண்டினால் ஆரோக்கியமான மனிதர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-ல் ஸ்டீவன் ஷெர்வுட், மாத்யூ ஹூபர் என்கிற காலநிலை ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டுச் சொன்னார்கள். அது ஏட்டுக்கணக்கு. 2022-ல் வெளியான பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் இளம் ஆரோக்கியமான ஆட்களை நிஜமாகவே அறைக்குள் வைத்துப் பார்த்தபோது, ஈரமான சூழலில் 31-க்குப் பக்கத்திலேயே அவர்களுடைய உள் உடல் வெப்பம் கட்டுக்கு மீறி ஏறத் தொடங்கிவிட்டது. வயதானவர்களின் எல்லை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, இனிக் குறைகள். முதல் குறை, இந்தச் சின்ன எண் ஒரே எண் இல்லை. ஆளுக்கொரு சூத்திரம். ஒரே வானிலையை எடுத்துக்கொள்வோம்: காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம், மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டுப்படி இது 36. கனடாவின் ஹியூமிடெக்ஸ்படி 42. ஆஸ்திரேலிய வானிலைத் துறை பயன்படுத்துகிற சூத்திரப்படி 33. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே காற்று, ஒன்பது டிகிரி வித்தியாசம்! இதில் எதுவும் பொய் இல்லை. ஆஸ்திரேலியச் சூத்திரம் வீசுகிற காற்றையும் கணக்கில் எடுத்துக் கழிக்கிறது. அமெரிக்கச் சூத்திரம் எப்போதும் ஒரு மெல்லிய காற்று இருப்பதாகவே வைத்துக்கொள்கிறது. ஹியூமிடெக்ஸ் காற்றைக் கண்டுகொள்வதே இல்லை, அது வெப்பநிலையோடு நீராவிக்காகக் கொஞ்சம் கூட்டுகிற ஒரு அளவுகோல். அதனால்தான் கனடாவில் அதை டிகிரி குறி போடாமல் வெறும் எண்ணாகவே சொல்கிறார்கள், அது நேர்மையான பழக்கம் என்று நினைக்கிறேன். என் வருத்தம் சூத்திரங்கள் பலவாக இருப்பதில் இல்லை. எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பெரும்பாலான செயலிகள் முகப்பில் எங்கேயும் சொல்வதில்லை, சில நிறுவனங்கள் தங்கள் சூத்திரத்தை வெளியிடுவதே இல்லை. ஒரு செயலியில் 36 பார்த்துப் பழகியவர் இன்னொரு செயலிக்கு மாறி 42-ஐப் பார்த்தால் பயந்துவிடுவார். எதிர்ப்பக்கமாக மாறியவர் அசட்டையாக இருந்துவிடுவார், அதுதான் இன்னும் மோசம்.

இரண்டாவது, அந்த எண்ணுக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறார், அவர் நீங்கள் இல்லை. வெப்பக் குறியீடு 1979-ல் ராபர்ட் ஸ்டெட்மன் என்கிற ஆய்வாளர் செய்த கணக்கிலிருந்து வந்தது. உடையின் தடிமன், தோலின் ஈரம், நடையின் வேகம் என்று நீளமான கணக்கு அது. 1990-ல் அமெரிக்க வானிலைச் சேவையைச் சேர்ந்த லான்ஸ் ராத்ஃபஸ் அதை ஒரே சமன்பாட்டுக்குள் சுருக்கினார், அமெரிக்கச் சேவை இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அந்தக் கணக்கில் இருக்கிறவர் சுமார் 170 சென்டிமீட்டர் உயரம், 67 கிலோ எடை, முழுக்கால் சட்டையும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, நிழலில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருக்கிற ஆரோக்கியமான பெரியவர். மூட்டை தூக்குகிறவருக்கோ, கைக்குழந்தைக்கோ, கர்ப்பிணிக்கோ, வியர்வையைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிற எழுபது வயதுக்காரருக்கோ அந்த எண் பொருந்தாது. வெயிலுக்கு உடம்பு பழகியிருக்கிறதா என்பதும் அதில் வராது. பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். குளிர்ப் பிரதேசத்திலிருந்து நேற்று வந்து இறங்கியவருக்கும் அங்கேயே வேலை பார்க்கிறவருக்கும் செயலி ஒரே 40-ஐத்தான் காட்டுகிறது.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் வெயில்தான். வெப்பக் குறியீடு நிழலுக்கான எண் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? நேரடி வெயிலில் நின்றால் அதற்கு மேல் 8 டிகிரி வரைக்கும் கூடலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவையே தன் அட்டவணையோடு சேர்த்துச் சொல்கிறது. செயலியில் அந்த எச்சரிக்கை வருவதில்லை. ‘உணர்வது 38’ என்று பார்த்துவிட்டு நிழலே இல்லாத இடத்தில் மண் வெட்டப் போகிறவருக்கு உடம்பில் படுவது 38 இல்லை, 45-க்குப் பக்கம். இதற்கே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். வெயிலையும் சேர்த்து அளக்கிற முறை இல்லாமல் இல்லை. 1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம்களில் பலர் வெப்பத்தால் விழுந்தபோது உருவாக்கிய ஈரக்குமிழ்–உருண்டை முறை இன்றும் தொழிற்சாலைகளிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் ராணுவத்திலும் புழங்குகிறது. ஈரத்துணி சுற்றிய குமிழ் ஒன்று, வெயிலில் காய்கிற கறுப்பு உருண்டைக்குள் ஒரு வெப்பமானி, சாதாரண வெப்பமானி ஒன்று. இவற்றின் அளவுகளில் முதலாவதுக்கு 70 சதவீதம், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 10 என்று எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். ஈரத்துக்குக் கொடுத்திருக்கும் அந்த 70-ஐக் கவனியுங்கள், மனித உடம்புக்கு எது பெரிய எதிரி என்று அதிலேயே தெரியும். ஒரு எச்சரிக்கை: இந்த முறையில் 32 என்பது ஏற்கெனவே மிக ஆபத்தான எண். அதைச் சாதாரண 32 டிகிரி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

அடுத்து விசிறியும் காற்றும். தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது, உடம்பே அதைச் சூடாக்கி ஈரமாக்கி வைத்துக்கொள்கிறது. காற்று வீசினால் அந்தப் படலம் கலைந்து, புதுக்காற்று தோலைத் தொடும். வெளிக்காற்று 35-க்குக் கீழே இருக்கிறவரை இது எல்லா விதத்திலும் நல்லது, சூட்டையும் எடுக்கும், வியர்வையையும் உலர்த்தும். 35-க்கு மேலே போனால் அதே காற்று சூட்டை உடம்புக்குள் கொண்டுவரும், ஆனால் வியர்வையையும் உலர்த்துவதால் இரண்டும் போட்டி போடும். ஈரமான 37 டிகிரியில் வியர்க்கிற உடம்புக்கு விசிறி இன்னும் உதவும். எலும்பை உலர்த்துகிற மாதிரியான வறண்ட 43 டிகிரியில் வியர்வை எப்படியும் உடனே காய்ந்துவிடும், அங்கே விசிறி சூட்டைத்தான் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில் தோலை நனைத்துக்கொள்வது பலன் தரும். இந்தத் திருப்பம் சின்ன எண்ணில் எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தால் இல்லை. காற்றைக் கழிக்கிற சூத்திரங்கள்கூட 43 டிகிரியிலும் காற்றைக் கழித்துக்கொண்டே போகின்றன.

குளிர்ப் பக்கத்துக்கு வந்தால் இந்தச் சேவை கொஞ்சம் நன்றாகவே வேலை செய்கிறது, காரணம் அங்கே அளந்து பார்த்துச் செய்த கணக்கு இருக்கிறது. பால் சைப்பிள் என்கிறவர் 1928-ல் சாரணர் சிறுவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அண்டார்டிகாவுக்குப் போனவர். அதே ஆள் 1941-ல் சார்லஸ் பாசெலோடு சேர்ந்து அங்கே பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று குறித்து வைத்தார். பல பத்தாண்டுகள் உலகம் அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. ஆனால் தண்ணீர் உருளைக்கு உள்ளிருந்து சூடு வராதே, மனித முகத்துக்கு வருமே. பழைய கணக்கு குளிரை மிகைப்படுத்தியது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து, டொராண்டோவில் ஒரு குளிர்காற்றுச் சுரங்கத்துக்குள் தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேரை நடக்க வைத்து, முகத்தில் உணரிகள் ஒட்டி, புதிய சூத்திரத்தைச் சரிபார்த்தார்கள். இன்றைக்குச் செயலியில் நீங்கள் பார்க்கிற குளிர் எண் பெரும்பாலும் அதுதான்.

அதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. காற்றின் முதல் சில கிலோமீட்டர் வேகம்தான் பெரிய வேலையைச் செய்கிறது. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று அடித்தால் மைனஸ் 15 ஆக உணர்வோம், 30 கிலோமீட்டரில் மைனஸ் 20, ஆனால் 50-லிருந்து 60-க்குப் போனால் ஒரே ஒரு டிகிரிதான் கூடுதலாகக் குறையும். படலம் ஏற்கெனவே கலைந்துபோன பிறகு இன்னும் வேகமாக அடித்து என்ன கலைக்கப் போகிறது? ஆகவே புயல்காற்றுக்கு மட்டும் பயந்து, இளங்காற்று அடிக்கிற குளிர்நாளில் காதை மூடாமல் போகாதீர்கள். உணரும் குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. மூக்கு நுனி, காது மடல், கன்னம் இவைதான் முதலில் போகும். மரத்துப் போய்விடுவதால் வலியும் தெரியாது.

இன்னொன்று, குளிர் எண் உயிருள்ள சூடான உடம்புக்கானது. காற்று 3 டிகிரி, உணர்வது மைனஸ் 3 என்று காட்டினால் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுமோ, வண்டி எஞ்சின் உறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் உலர்ந்த பொருள் காற்றின் வெப்பநிலைக்குத்தான் இறங்கும், அதற்குக் கீழே போகாது. சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். வண்டியையும் குழாயையும் பற்றிக் கவலைப்படும்போது பெரிய எண்ணைப் பாருங்கள், முகத்தையும் கையையும் பற்றிக் கவலைப்படும்போது சின்ன எண்ணைப் பாருங்கள்.

இந்தச் சேவையின் அசிங்கமான ஓட்டை நடுவில் இருக்கிறது. அமெரிக்க வழக்கப்படி குளிர்ச் சூத்திரம் 10 டிகிரிக்கும் அதற்குக் கீழும்தான் செல்லும், வெப்பச் சூத்திரம் சுமார் 27-க்கு மேல்தான் தொடங்கும், இடைப்பட்ட 17 டிகிரியில் காற்றின் வெப்பநிலையையே திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரியில் ‘உணர்வது 6’. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறி 11 ஆனதும் ‘உணர்வது 11’. ஒரு டிகிரிக்கு ஐந்து டிகிரி தாவல்! உடம்பு அப்படித் தாவாது. மலையேறுகிறவர்களும் இருசக்கர வண்டி ஓட்டுகிறவர்களும் மாட்டிக்கொள்வது இந்த நடுப்பகுதியில்தான். 12 டிகிரி, தூறல், நனைந்த சட்டை, நல்ல காற்று என்றால் உடம்பு வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் செயலியைப் பார்த்தால் சாதாரண நாள் மாதிரி இருக்கும். நனைந்த உடை காற்றில் உலரும்போது எடுக்கிற சூடு எந்தச் சூத்திரத்திலும் இல்லை. ஈரக்குளிர் எலும்புவரை போகிறது என்று சொல்வார்களே, அதற்கும் காற்றில் உள்ள நீராவியைவிட உடையில் ஏறிய ஈரம்தான் பெரிய காரணம். குளிர்ந்த காற்றில் நீராவி மொத்தத்திலேயே கொஞ்சம்தான் இருக்கும்: 0 டிகிரியில் ஒரு கன மீட்டருக்கு 5 கிராம்கூட இல்லை, 30 டிகிரியில் 30 கிராம் வரை இருக்கலாம்.

அப்புறம் காற்றின் வேகத்தை எங்கே அளக்கிறார்கள் என்பது. வானிலை நிலையங்களில் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில் அளப்பார்கள். வெப்பமானி மட்டும் ஆள் உயரத்தில், வெள்ளை மரப்பெட்டிக்குள், நேரடி வெயில் படாமல் இருக்கும். உங்கள் முகத்துக்கு வருகிற காற்று கம்பத்து உச்சியை விடக் குறைவு, கட்டடங்களுக்கு நடுவில் அது அறவே இல்லாமலும் போகலாம், சந்து முனையில் இரட்டிப்பாகவும் அடிக்கலாம். ஆகவே செயலியின் எண் உங்கள் தெருவின் எண் இல்லை. வீட்டுக்குள்ளே அது சுத்தமாகச் செல்லாது. உள்ளே தெரிய வேண்டும் என்றால் வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை அறையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஈரப்பதத்தைப் பற்றி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், பலரும் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அதிகாலையில் 24 டிகிரி, ஈரப்பதம் 89 சதவீதம். அதே நாள் மதியம் 34 டிகிரி, 50 சதவீதம். மதியம் ஈரம் குறைந்துவிட்டது என்றுதானே தோன்றும்? இல்லை, இரண்டு நேரத்திலும் காற்றில் இருக்கிற நீராவி அதே அளவுதான். சூடான காற்றில் இருக்கக்கூடிய நீராவியின் உச்ச அளவு மிக அதிகம் என்பதால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. இரண்டு நேரத்திலும் மாறாமல் இருப்பது டியூ பாயிண்ட், அதாவது பனிநிலை: இந்த எடுத்துக்காட்டில் 22 டிகிரி. அந்த வெப்பநிலைக்குக் காற்றைக் குளிர்வித்தால் பனித்துளி படியத் தொடங்கும். என் அனுபவத்தில் செயலி காட்டுகிற எல்லா எண்களிலும் மிகவும் நேர்மையானது இதுதான். 15-க்குக் கீழே என்றால் வியர்வை உலர்வதே தெரியாது, உடம்பு லேசாக இருக்கும். 20-ஐத் தாண்டினால் புழுக்கம் தெரியும். 24-க்கு மேலே என்றால் எந்த நிழலில் உட்கார்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது. ‘40 டிகிரி, 95 சதவீதம் ஈரப்பதம்’ என்று யாராவது சொன்னால் காலையின் சதவீதத்தையும் மதியத்தின் வெப்பத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு காற்றுக்குப் பனிநிலை 39 இருக்க வேண்டும். உலகத்திலேயே மிகப் புழுக்கமான கடலோரங்களில்கூட 35-ஐத் தொடுவதே அபூர்வம்.

எனவே செயலி தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: பனிநிலையை மணிக்கு மணி காட்டுகிறதா, காற்றின் சராசரி வேகத்தையும் திடீர் வீச்சையும் தனித்தனியாகக் காட்டுகிறதா, உணரும் வெப்பநிலைக்கு எந்தச் சூத்திரம் என்று உதவிப் பக்கத்திலாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் வண்ண வண்ணப் படங்கள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே செயலியில் நிலைத்து இருங்கள், அப்போதுதான் அதன் 38 உங்கள் உடம்புக்கு என்ன செய்கிறது என்று நாளடைவில் உங்களுக்கே பிடிபடும். வெயிலில் நிற்கப் போகிறீர்கள் என்றால் நீங்களே மனதுக்குள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி அரை நட்சத்திரத்தை இரவுக்காகக் குறைத்தேன். எச்சரிக்கை அறிவிப்புகளில் வருவது பகலின் உச்ச எண் மட்டும்தான், இரவு எண்ணைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். பனிநிலை உயர்ந்திருக்கிற நாட்களில் காற்றின் நீராவி தரையிலிருந்து மேலே போகிற வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது, வெப்பநிலையும் பனிநிலைக்குக் கீழே எளிதில் இறங்காது. 28 டிகிரி, பனிநிலை 25 என்று இருக்கிற இரவில் உணர்வது 32. பகலில் சேர்ந்த அலுப்பை உடம்பு ஆற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அதற்கு அவகாசமே கிடைக்காது, வெப்ப அலையின் இரண்டாம் மூன்றாம் நாளில் வயதானவர்கள் தளர்ந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் படுக்கப் போகும் முன் மணிவாரிப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் அதிகாலை 3 மணிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் 30-க்கு மேல் இருந்தால் வீட்டுப் பெரியவர்களின் அறையில் விசிறி அவர்கள் மேல் நேராகப் படுகிற மாதிரி திருப்பி வைத்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீரும் ஒரு ஈரத்துணியும் வைத்துவிட்டு, நடுவில் ஒரு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.